வீட்டில் சேர்வர் வைக்க எது தோது: பழைய லப்டொப், ராஸ்பெரி பை, மினி பீசி, நாஸ், வாடகை இடம்

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் கொக்குவிலில் ரியூசன் வகுப்பு நடத்துபவர்; பத்து வருட வினாத்தாள்களும் பாட வீடியோக்களும் அவர் கையில் இருக்கின்றன. இன்னொருவர் கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிற ஸ்ரூடியோக்காரர். மூன்றாவது என் மச்சாள். போன் நிறைந்துவிட்டது, பிள்ளையின் படங்களை அழிக்க மனம் வரவில்லை. "எல்லாத்தையும் வீட்டிலேயே வைச்சிருக்க எதை வாங்கலாம்?" என்பதுதான் மூவரும் கேட்டது. கோப்புகளை வைத்திருந்து, கேட்கிற போனுக்கும் கணினிக்கும் எடுத்துத் தருகிற, நாள் முழுக்க ஓடுகிற பெட்டியைத்தான் சேர்வர் என்கிறோம். மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டுக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு உரப்பையில் எங்களோடு வந்தன. அல்பங்கள் அலுமாரிக்குள்ளேயே நின்றுவிட்டன. அம்மப்பாவின் படம் என்று இன்று எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. ஒரு காது மங்கல். யாழ்ப்பாணத்தில் இப்படியான வீடுகள் எத்தனையோ. அதனால் யாராவது படங்களைப் பத்திரப்படுத்த வழி கேட்டால் என்னால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக முடிவதில்லை.

## எதை வைத்து அளப்பது

கடைக்குப் போனால் எத்தனை ரெராபைட், எத்தனை ஜீபி ராம் என்றுதான் கதை போகும். எங்கள் ஊர் வீட்டுக்கு அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு.

கரண்ட் போய் வந்தால் தானாக எழும்புமா? இதுதான் முதல் கேள்வி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டு இருந்தது. இப்போது அந்த நிலைமை இல்லை. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கம்பி அறுவதும், பராமரிப்பு வேலைக்கென்று பகல் முழுக்க நிறுத்துவதும் நிற்கவில்லை.

மாதம் எத்தனை அலகு? வாற்றை 24 ஆலும் 30 ஆலும் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் வரும். 15 வாற் பெட்டி நாள் முழுக்க ஓடினால் மாதம் 10.8 அலகு. சின்னக் கணக்குத்தான், ஆனால் மின்சாரக் கட்டணப் பட்டியல் 30, 60, 90, 120, 180 என்று படிபடியாக ஏறுகிறது. 60 அலகுக்கு உட்பட்ட வீட்டுக்கு ஒரு விலை, தாண்டிய வீட்டுக்கு வேறு விலை. 54 அலகில் நிற்கிற வீட்டில் இந்தப் பத்து அலகைக் கூட்டினால் முழு பில்லும் மாறும். வாங்க முதல் பழைய மூன்று மாத பில்லை எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் இல்லாத கிழமையில் யார் பார்ப்பார்? கொழும்புக்குப் போயிருக்கிறீர்கள், பெட்டி நின்றுவிட்டது. வீட்டில் இருப்பவர் அம்மா மட்டும். அவரிடம் போனில் சொல்லிச் செய்விக்கக்கூடிய வேலையா அது?

பிறகு வெக்கை, சோளகக் காலத்துப் புழுதி, எறும்பு, பல்லி. இவையும் கணக்கில் வர வேண்டும். கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்த பெட்டி வெந்துவிடும். அடப்டருக்குள் பல்லி புகுந்து கருகிப்போனதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, வெளியில் நின்று இணையத்தால் பெட்டிக்குள் வருகிற வழியும் (அதைக் கதவு என்கிறேன்) இரண்டாவது பிரதியும். இவை எந்தப் பெட்டி வாங்கினாலும் பொதுவானவை என்பதால் தனியாக, பின்னால் பார்ப்போம். கீழே வருகிற சொற்களில், ராஸ்பெரி பை என்பது உள்ளங்கை அளவுக் கணினி; நாஸ் என்பது டிஸ்க்குகளைப் போட்டு வீட்டில் எல்லோரும் பாவிக்கிற சேமிப்புப் பெட்டி; எஸ்.எஸ்.டி என்பது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்; யூ.பி.எஸ் என்பது கரண்ட் போனால் தாங்குகிற பட்டரிப் பெட்டி; பயோஸ் என்பது கணினி எழும்பும்போது முதலில் ஓடுகிற அடிப்படை அமைப்பு.

| தெரிவு | மாத அலகு | நீண்ட வெட்டுக்குப் பிறகு | மறைந்த செலவு |
|---|---|---|---|
| பழைய லப்டொப் | 7–14 | பெரும்பாலும் ஆள் அழுத்த வேண்டும் | பட்டரி |
| ராஸ்பெரி பை | 3–5 | தானாக எழும்பும் | நல்ல அடப்டர், எஸ்.எஸ்.டி |
| பாவித்த மினி பீசி | 6–11 | பயோஸில் சொன்னால் எழும்பும் | யூ.பி.எஸ், நாணய பட்டரி |
| இரண்டு டிஸ்க் நாஸ் | 11–18 | அமைப்பில் சொன்னால் எழும்பும் | டிஸ்க் தனி விலை |
| வாடகை இடம் | 0 | பாதிப்பில்லை | டொலர், முதல் ஏற்றம் |

அலகுகள் பெட்டி பெரும்பாலும் சும்மா இருக்கும்போது எடுக்கிற அளவை வைத்துப் போட்ட கணக்கு. படங்களை வகைப்படுத்தி முகம் தேடுகிற முதல் இரண்டு நாளும் கூடும்.

## பழைய லப்டொப்

செலவில்லாமல் தொடங்க இதைவிட வழி இல்லை. திரை உடைந்தாலும் விசைப்பலகையில் நாலு எழுத்துப் போனாலும் சேர்வர் வேலைக்குப் பரவாயில்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, மூடியை மூடினாலும் உறங்காதபடி ஒரு வரி மாற்றினால் போதும். கூடவே பட்டரி இருப்பதால் யூ.பி.எஸ் வாங்கத் தேவையில்லை. இரண்டு மணித்தியால வெட்டு வந்து போனதே தெரியாது.

அந்த பட்டரியிலேயே இரண்டு பிரச்சினையும் இருக்கிறது. நானும் இப்படித்தான் தொடங்கினேன். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் சுட்டுப்பலகையை அழுத்தினால் அது உள்ளே போகவில்லை. திருப்பிப் பார்த்தால் அடித்தட்டு மேசையில் சமமாக இருக்காமல் ஆடியது. கழற்றினேன், பட்டரி பணியாரம் மாதிரி ஊதியிருந்தது. நாள் முழுக்க நூறு வீதத்தில் வெக்கைக்குள் கிடந்தால் லிதியம் பட்டரிக்கு அதுதான் நடக்கும். இப்போது பல லப்டொப்களில் சார்ஜ் 80 வீதத்தோடு நிற்கக் கட்டிவிடலாம். 60 என்று கட்டினால் இன்னும் நல்லது. அந்த வசதி இல்லாத லப்டொப்பை 24 மணித்தியாலமும் ஓட விடாதீர்கள். ஊதிய பட்டரியைக் குத்தவோ அமத்தவோ கூடாது, நெருப்புப் பிடிக்கும்.

இரண்டாவது, நீண்ட வெட்டு. பட்டரி முழுதாக இறங்கி அணைந்துவிட்டால், கரண்ட் வந்ததும் சார்ஜ் ஏறும்; லப்டொப் எழும்பாது. சில அலுவலக வகை லப்டொப்களில் மட்டும் மின் இணைப்பு வந்தால் எழும்பு என்ற தெரிவு பயோஸில் இருக்கும். எங்கள் வீட்டு லப்டொப்பில் அது இல்லை. பவர் பட்டனுக்குப் பக்கத்தில் அம்மாவின் ஸ்ரிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டேன். "பொட்டுக்குப் பக்கத்தில் ஒருக்கால் அமத்துங்கோ" என்று போனில் சொன்னால் போதும், அம்மா எழுப்பிவிடுவார்.

எப்போதும் ஆள் இருக்கிற வீடு, காசு போட முதல் பழகிப் பார்க்க விரும்புபவர்: இவர்களுக்கு லப்டொப்.

## ராஸ்பெரி பை

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். கரண்ட் மிகக் குறைவு, கரண்ட் வந்தால் தானாக எழும்பும், உள்ளங்கை அளவு. ஆனால் பெட்டியின் விலையோடு கணக்கு முடிவதில்லை. மெமரி கார்டில் நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தால், அதுவும் இடையிடையே கரண்ட் வெட்டுப்பட்டால், கார்ட் கெட்டுப்போகும். எனவே எஸ்.எஸ்.டி வேண்டும். கையில் இருக்கிற போன் சார்ஜரைக் கொடுத்தால் மின்னழுத்தம் காணாது. பை 5 க்கு 5 வோல்ட் 5 அம்பியர் அடப்டர் வேண்டும். உறை, விசிறி, சின்ன யூ.பி.எஸ் என்று கூட்டிப் பார்த்தால் பாவித்த மினி பீசிக்குக் கிட்ட வந்துவிடும்.

இரண்டு வேலைக்கு இதைப்போல ஒன்று இல்லை: வீட்டு முழுவதுக்கும் விளம்பரத்தைத் தடுக்கிற பை-ஹோலுக்கும், வெளிநாட்டில் உறவினர் வீட்டில் இரண்டாவது பிரதிக்காக வைக்கிற பெட்டிக்கும். இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன்.

## பாவித்த மினி பீசி

வங்கிகளும் அலுவலகங்களும் கழித்துவிடுகிற, புத்தக அளவிலான டெஸ்க்டொப்கள் இவை. டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்சென்ரர் ரைனி போன்றவை. என்னுடைய தெரிவு இதுதான். படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், வீடியோக்களுக்கு ஜெலிஃபின் என்ற மூன்று செயலிகளையும் சேர்த்து ஓட்டினாலும் மூச்சு வாங்காது. பயோஸில், கரண்ட் திரும்பினால் எழும்பு என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

போதும் என்று நானும் நினைத்திருந்தேன். வாங்கி மூன்றாம் மாதம் ஒரு வெட்டுக்குப் பிறகு அது எழும்பவில்லை. பயோஸுக்குள் போனால் திகதி பல வருடம் பின்னால் நின்றது, நான் செய்த மாற்றம் எதுவும் இல்லை. மதர்போர்டில் இருக்கிற 2032 நாணய பட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் பயோஸின் ஞாபகத்தைக் காப்பது அந்த பட்டரிதான். பாவித்த பெட்டி வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அதை மாற்றிவிடுங்கள். மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

யூ.பி.எஸ் கட்டாயம். 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பட்டரி உள்ள சாதாரண யூ.பி.எஸ் ஒன்று 15 வாற் பெட்டியை ஒரு மணித்தியாலம் தாங்கும். யூ.எஸ்.பி வயரால் இணைத்து, பட்டரி இறங்கினால் ஒழுங்காக அணைக்கச் சொல்லலாம். எங்கள் வெக்கையில் அந்த ஈய பட்டரி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் உழைக்காது; அந்தக் காசையும் வருடக் கணக்கில் சேருங்கள். ரவுட்டரையும் அதே யூ.பி.எஸ்ஸில் போட மறக்க வேண்டாம்.

## நாஸ் பெட்டி

சினொலொஜி, கியூநாப் போன்ற கம்பனிகளின் பெட்டிகள். படம் போட்ட வழிகாட்டியைப் பார்த்து ஒரு பின்னேரத்தில் ஓட விடலாம். லினக்ஸ் கட்டளை எதுவும் தெரிய வேண்டாம். ஸ்ரூடியோக்காரருக்கு நான் சொன்னது இதைத்தான். அவருக்குப் பல ரெராபைட் வேண்டும், கட்டளை பழக நேரம் இல்லை, டிஸ்க் ஒன்று செத்தாலும் மறுநாள் வாடிக்கையாளருக்கு அல்பம் கொடுத்தாக வேண்டும்.

சொல்லப்படுகிற விலை பெரும்பாலும் வெறும் பெட்டிக்கு. இரண்டு டிஸ்க்கின் விலை பெட்டியின் விலையைத் தாண்டலாம். இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதுவதைக் காப்புப் பிரதி என்று நினைத்துவிடாதீர்கள்: ஒன்றில் அழிந்தால் அதே நொடி மற்றதிலும் அழியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இலகுவாக இருப்பதால் இலகுவாகவே இணையத்துக்குத் திறந்தும் விடுகிறோம். 2021 ஜூனில் டபிள்யூ.டி மை புக் லைவ் பெட்டிகள் உலகம் முழுக்க வெளியிலிருந்து துடைத்தழிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல் இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. நாஸ் வாங்கினால், ரவுட்டரில் தானாகக் கதவு திறந்துகொள்ளும் வசதியை முதலில் நிறுத்துங்கள். கம்பனி புதுப்பிப்புத் தருவதை நிறுத்திவிட்ட பழைய மொடலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

## வாடகை இடம்

கூகுள், ஐகிளவுட் போன்ற சந்தாக்கள் ஒரு வகை. மாத வாடகைக்கு எடுக்கிற மெய்நிகர் சேர்வர் (ஒரு கம்பனியின் பெரிய கணினியில் ஒரு பங்கு) இன்னொரு வகை. கரண்ட், பல்லி, மின்னல் என்று எந்தத் தலையிடியும் இல்லை.

கணக்கு டொலரில் வரும். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது; அந்த வருடம் சந்தா வைத்திருந்தவர்களுக்கு அது மறக்காது. சிறிய மெய்நிகர் சேர்வரில் 25 ஜீபி அளவில்தான் இடம் வரும். இணையத்தளத்துக்கு அது தாராளம், குடும்பப் படங்களுக்கு ஒரு மூலைக்கும் காணாது. முதல் ஏற்றமும் பெரிய வேலை: 400 ஜீபியை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்ற இடைவிடாமல் நான்கு நாள் வரை வேண்டும். மாத அளவு கட்டிய பக்கேஜ் என்றால், ஏற்றி முடிக்க முதலே அந்த அளவு தீர்ந்துவிடும்.

ஆட்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கிற தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. காலமான அப்பாவின் போனில் இருந்த படங்கள் அவருடைய கணக்கில் மட்டும் இருந்தால், இப்போதே இறக்கி வையுங்கள். உங்கள் கணக்குக்கும், தொடாமல் விட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று இன்றே குறித்து வைக்கலாம்.

மச்சாளுக்கு நான் சொன்னது சந்தாதான். வீட்டில் பெட்டியைப் பார்க்க ஆள் இல்லை, இருப்பது 60 ஜீபி. அதோடு ஒரு வெளி டிஸ்க்கும் வாங்கச் சொன்னேன்.

## கதவு: வெளியிலிருந்து எப்படி வருவது

எந்தப் பெட்டி என்பதைவிட இதில் பிழை விட்டவர்களே கூட. நானும் விட்டேன். வெளியிலிருந்து வேலை செய்யலாம் என்று ஒரு பின்னேரம் ரவுட்டரில் எஸ்.எஸ்.எச் (தூரத்திலிருந்து பெட்டிக்குக் கட்டளை கொடுக்கிற வழி) கதவைத் திறந்தேன். காலையில் பதிவேட்டைப் பார்த்தால் ரூட், அட்மின், உபுண்டு, பை, டெஸ்ட் என்ற பெயர்களில் ஆயிரக்கணக்கான கடவுச்சொல் முயற்சி. யாரும் என்னைத் தேடி வரவில்லை. திறந்திருக்கிற எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டு போகிற இயந்திரங்கள் அவை. அன்றே மூடினேன்.

ரவுட்டரில் கதவு திறப்பது. வீட்டுப் படங்களுக்கு இது வேண்டாம். பல 4ஜி இணைப்புகளில் இது முடியவும் முடியாது. ரவுட்டர் காட்டுகிற வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், ஒரே முகவரியைப் பல வீடுகள் பங்கிடுகின்றன என்று அர்த்தம்; வெளியிலிருந்து நேரே வர வழியில்லை.

வயர்கார்ட், டெயில்ஸ்கேல். உங்கள் போனுக்கும் வீட்டுப் பெட்டிக்கும் இடையில் பூட்டிய தனிப்பாதை போடுகிற செயலிகள் இவை. வயர்கார்ட் 2020 இல் லினக்ஸ் கருவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. வெளியே இருப்பவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. ஆனால் மற்ற வீடுகளோடு பங்கிடாத வெளி முகவரி வேண்டும். அதே வயர்கார்டின் மேல் கட்டிய டெயில்ஸ்கேலுக்கு அது தேவையில்லை. பங்கிட்ட முகவரிக்குள்ளிருந்தும் வேலை செய்யும், வீட்டுப் பாவனைக்குக் காசும் இல்லை. என் வீட்டில் இதுதான். சாவிகளைப் பரிமாறுவது அவர்களுடைய சேர்வர் என்பதையும், நுழைவது உங்கள் கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கால் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தக் கணக்குக்கு இரண்டாம் படிச் சரிபார்ப்பு இல்லாவிட்டால் வீட்டுத் திறப்பைப் படலையில் தொங்கவிட்ட மாதிரி.

கிளவுட்ஃப்ளேர் டனல். கிளவுட்ஃப்ளேர் கம்பனியின் சேர்வர் வழியாக வீட்டுப் பெட்டியை இணையத்தில் காட்டுகிற வழி. ரியூசன் ஆசிரியருக்கு இது பொருந்தும். மாணவர்கள் ஒவ்வொருவரின் போனிலும் எதையும் நிறுவாமல் வினாத்தாள் இணைப்பைக் கொடுக்கலாம். சொந்தமாக ஒரு இணையப் பெயர் வேண்டும். இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 எம்.பிக்கு மேல் ஏற்ற முடியாது; போனிலிருந்து நீளமான வீடியோ ஏறாமல் நின்றால் காரணம் இதுதான். போய்வருகிற தரவின் பூட்டு (குறியாக்கம்) கிளவுட்ஃப்ளேரிடம் ஒருமுறை திறக்கப்பட்டுத்தான் உங்களிடம் வருகிறது என்பதால் காணி உறுதி, வங்கிக் கடிதம் போன்றவற்றை இந்த வழியால் அனுப்ப வேண்டாம்.

## பூட்டும் கரண்ட் வெட்டும்

இங்கே ஒரு இழுபறி இருக்கிறது. கள்ளன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் படிக்க முடியாதபடி முழு டிஸ்க்கையும் பூட்டலாம். அப்படிப் பூட்டினால், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பெட்டி எழும்பிக் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்கும். நீங்கள் வவுனியாவில் நிற்பீர்கள்.

நான் செய்திருப்பது நடுவழி. இயங்குதளம் இருக்கிற டிஸ்க் பூட்டில்லாமல்; படமும் பத்திரமும் இருக்கிற டிஸ்க் பூட்டோடு. கரண்ட் வந்ததும் பெட்டி எழும்பி டெயில்ஸ்கேலில் சேரும். நான் போனிலிருந்து உள்ளே போய் மற்ற டிஸ்க்கைத் திறப்பேன். அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, காணி உறுதி இருக்கிற கவருக்குள் வைத்திருக்கிறேன். எனக்கு ஏதும் நடந்தால் வீட்டார் படங்களை இழக்கக் கூடாது.

மின்னலையும் சொல்லிவிடுகிறேன். அது கரண்ட் வயரால் மட்டும் வருவதில்லை. செம்புத் தொலைபேசிக் கம்பி இருந்தால் அதாலும் வந்து, ரவுட்டரையும் அதோடு வயரால் இணைத்த பெட்டியையும் கொண்டுபோகும். கண்ணாடி இழை இணைப்பில் அந்தப் பாதை இல்லை. மழை இருட்டும்போதே, முழக்கம் தொடங்க முதல், இரண்டு வயரையும் கழற்றுங்கள்.

## இரண்டாவது பிரதி

1981 இல் எரிந்த யாழ் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் இருந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு போயின. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஒரு பழைய மலரைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவுக்கு வரும். ஒரே வீட்டில் மூன்று டிஸ்க் வைத்தாலும் அது ஒரு இடம்தான்.

எங்களுக்கு ஒரு வசதி உண்டு: ஆட்கள் உலகம் முழுக்கச் சிதறியிருக்கிறார்கள். அக்கா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, இங்கேயே முழுப் பிரதியையும் எழுதிய 2 ரெராபைட் டிஸ்க்கையும் ஒரு ராஸ்பெரி பையையும் அவர் பெட்டிக்குள் வைத்து அனுப்பினேன். நாள் கணக்கான ஏற்றம் மிச்சம். இப்போது ஒவ்வொரு இரவும் புதிதாக வந்தது மட்டும் ரெஸ்டிக் என்ற காப்புப் பிரதிச் செயலியால் பூட்டப்பட்டுப் போகிறது. இங்கிருந்து அங்கே எழுதலாம், அழிக்க முடியாது என்று அமைத்திருக்கிறேன். இங்குள்ள பெட்டியை யாராவது பிடித்தாலும் அங்குள்ளது தப்பும். இரண்டு இடத்துக் கோப்புகளை ஒரேமாதிரி வைத்திருக்கிற சிங்திங் நல்ல கருவி, ஆனால் இதற்கு அதை நம்ப வேண்டாம். இங்கே அழித்தால் அங்கும் அழித்துவிடும்.

கையில் இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், புதுப் பெட்டியை விட்டுவிட்டு இந்த இரண்டாவது டிஸ்க்கை வாங்குங்கள். பழைய லப்டொப்பும் தூரத்தில் ஒரு டிஸ்க்கும் சேர்ந்தால், தனியே நிற்கிற விலை கூடிய நாஸை விடப் பாதுகாப்பு.

வருடம் இரண்டு தடவை அங்கிருந்து சில கோப்புகளைத் திரும்ப இறக்கித் திறந்து பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது அம்மப்பாவின் படம் சரியாகத் திறந்தது. தங்கச்சியின் கலியாணப் படங்கள் அங்கே இல்லை. அவள் புதிதாகத் திறந்த கோப்புறையை நான் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தேன். அன்றிரவே சேர்த்தேன். விடிய எழும்பிப் பார்த்தபோது 38 ஜீபியில் பாதி போயிருந்தது.